ஆட்டோ முதுகில் என் வரி

பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி தருவது என் தொழில். சித்தூரில் வீடு வீடாகப் போய்ச் செய்கிறேன். இதில் வார்த்தை மெதுவாகத்தான் வரும். வருமானம் அதைவிட மெதுவாக. அதனால், தலை நரைத்த பிறகு, திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வாரத்தில் பாதி நாள் மார்க்கெட்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். பேச முடியாதவர்களோடு பாதி வாரம், பேச்சை நிறுத்தத் தெரியாதவர்களோடு மீதி வாரம்.

அங்கே மேலாளருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். விற்பனைக்காரர்கள் வாங்கப்போகிறவரைச் சொல்வதுபோல, நோயாளிகளை ‘லீடு’ என்பார். நான் புத்தகம் படிக்கிறவன் என்று யாரோ சொல்லக் கேட்டு, பேச்சுப் பயிற்சிப் பிரிவின் விளம்பரத்துக்குத் தெலுங்கில் ஒரு வரி கேட்டார். படித்த திமிர் சும்மா இருக்குமா? ‘மீ இண்ட்லோ மள்ளீ ஆ பிலுப்பு’ என்று எழுதிக் கொடுத்தேன். உங்கள் வீட்டில் மறுபடியும் அந்த அழைப்பு. மேலாளர் எழுந்து நின்று கை கொடுத்தார். வாழ்நாளில் அச்சேறிய என் ஒரே வரி அது. எழுதியவன் பெயர் இல்லாமல், புகைக்குழாய்க்கு ஒரு சாண் மேலே, ஷேர் ஆட்டோக்களின் முதுகில் ஏறிச் சித்தூருக்கும் வந்து சேர்ந்தது.

அப்போது நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர், சித்தூர்–திருப்பதி பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதம் எல்லா வார்த்தைகளையும் எடுத்துக்கொண்டு ‘ரைட்’டை மட்டும் விட்டுவைத்திருந்தது. தண்ணீர் வேண்டுமானாலும் ரைட், கோபம் வந்தாலும் ரைட். வாய் பழகிப்போன வார்த்தை இப்படித் தங்கிவிடுவது உண்டு. அதைப் பேச்சு திரும்புவதன் அறிகுறி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அவர் மனைவி தமிழ்நாட்டு எல்லையோர ஊர்க்காரர், படித்தது தெலுங்குப் பள்ளியில். கணவர் அவரை ‘இந்தாமே’ என்றுதான் கூப்பிடுவாராம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தக் குரல் உள்ளே வந்துவிடுமாம். நான் போகிற நாளெல்லாம் அந்த அம்மா கேட்பது ஒன்றுதான்.

“ஒரே ஒரு தபா கூப்டுவாரா சார்?”

“தெரியலம்மா. பாக்கலாம்.”

வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் படிப்பின் முதல் பாடம். வாக்குக் கொடுக்காமல் வாசலைத் தாண்டாதே என்பது திருப்பதியில் முதல் பாடம். நான் கிழமை பார்த்துப் பாடத்தை மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நான் போனபோது எனக்குப் பாய் விரிக்கவில்லை. இனிமேல் கணவரைத் திருப்பதி மருத்துவமனைக்கே கூட்டிப்போகப் போவதாக அந்த அம்மா சொன்னார்.

“அங்க வரும்னு ஆட்டோல எழுதியே ஒட்டிகிறான் சார். நீ தெரியலம்மா தெரியலம்மான்னுகினே வந்துகினு போய்க்கினு கிற.”

“அத எழுதினதே நாந்தாம்மா.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உன்னால ஆவலன்னா ஆவலன்னு சொல்லு சார். பொய் எதுக்கு?”

கட்டிலிலிருந்து கணவரும் “ரைட்” என்றார். சொந்த விளம்பரத்திடமே நோயாளியைப் பறிகொடுத்தவன் எங்கள் தொழிலில் நானாகத்தான் இருப்பேன். மேலாளரிடம் சொல்லியிருந்தால் மறுபடியும் கை கொடுத்திருப்பார்.

சில வாரம் கழித்துத் திருப்பதி மருத்துவமனை வராந்தாவில் அவர்களைப் பார்த்தேன். அங்கே பயிற்சி தந்த இளம்பெண் கெட்டிக்காரி. நான் செய்ததையே செய்தாள், நான் சொன்னதையே சொன்னாள். பஸ் அலைச்சலில் கண்டக்டர் பாதியாகியிருந்தார். அந்த அம்மா என் கழுத்தில் தொங்கிய மருத்துவமனை அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். திட்டுவார் என்று நின்றேன்.

“அப்ப நெஜமாவே நீதானா சார்?”

தலையாட்டினேன்.

“எழுதனவனுக்குத் தெரியாதா, வருமா வராதான்னு?”

“தெரியாதும்மா.”

எழுதும்போது எந்த வீட்டை நினைத்தேன் என்று அவர் கேட்டிருந்தால் அதற்கும் இதே பதில்தான். சத்தம் அழகாக இருந்தது, எழுதினேன்.

மாலையில் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். அந்தப் பஸ் கண்டக்டருக்குப் பழைய ஆளைத் தெரிந்திருந்தது. கையைப் பிடித்து ஏற்றி, முன் கதவோரம் தன் இருக்கையில் உட்காரவைத்தார். வழியில் பாகாலாவில் ஆட்கள் ஏறி முடித்ததும் விசில் ஊதாமல் அவர் முகத்தைப் பார்த்தார்.

“ரைட்” என்றார் இவர்.

பஸ் கிளம்பியது. யாரோ சிரித்தார்கள், யாரோ கை தட்டினார்கள். அந்தக் குரலில் ஒரு பிசிறும் இல்லை. பயிற்சியில் ஒருநாளும் நான் அதைக் கேட்டதில்லை.

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே சொன்னார்:

“பஸ்ஸக் கூப்டறாரு பாரு சார். நான் இங்கதான் குந்திகினுகிறேன்.”

மழைக்காலம் முடிவதற்குள் அவர் கணவர் போய்விட்டார். கடைசிவரை கூப்பிடவில்லை. சாவு வீட்டில் அந்த அம்மா என்னைத் தன் அண்ணனுக்குக் காட்டி, “இந்த சாருதான் மொதல்லயே தெரியாதுன்னு சொன்னாரு” என்றார். அண்ணன் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். மற்றதை அந்த அம்மா அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, உட்கார்ந்தேன்.

வாசலில் உறவுக்காரர்களை இறக்கிவிட்ட ஷேர் ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. முதுகில் என் வரி. டிரைவர், சித்தூர் பஸ் ஸ்டாண்டா சார், ஏறுங்கள் என்றார். வேறு வண்டி வராது என்றும் சொன்னார். ஏறி, அந்த வரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.