தங்கையும் அவள் பனிவண்டி நாய்கள் எட்டும்

முதலாண்டு நினைவு ஜெபத்துக்காக அமரவிளை வீட்டுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். தங்கையைக் குறித்து நான்தான் எழுத வேண்டும் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். உடன்பிறந்தவர்கள் நாங்கள் ஐவர். மூவர் முன்னரே போய்விட்டார்கள். தங்கையும் போனபின் எண்ணுவதற்கு நான் ஒருவன்தான் மிச்சம். என்னைவிட எட்டு வயது இளையவளை அம்மையார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தங்கை என்றே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை பிறந்தது கொல்லயிலில், வயலை ஒட்டிய எங்கள் பழைய வீட்டில். அப்பா அமரவிளைச் சந்திப்பில் சைக்கிள் கடை வைத்திருந்தார். தங்கை பத்தாம் வகுப்பில் இருக்கும்போது அவர் இறந்தார். இரண்டு பசுக்களின் பாலை விற்று அம்மா அவளை நர்சிங் படிக்க வைத்தார்கள். அதற்கெல்லாம் முன்பு, அவளுக்கு ஏழு வயதாக இருக்கையில், செக்போஸ்ட் அருகே ஒரு தெருநாய் அவள் கெண்டைக்காலைக் கடித்தது. அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு என் சைக்கிளில் பின்னால் வைத்து நான்தான் கொண்டுபோனேன். பதினான்குக்கும் அவள் அழுதாள். பிறகு பல ஆண்டுகள் நாய் குரைத்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். இதை நான் எழுதுவதற்குக் காரணம், அவளுடைய வாழ்வின் பிற்பாதி முழுவதும் நாய்களோடு கழிந்தது என்பதுதான்.

வளைகுடாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு கனடாவுக்குப் போனாள். அங்கும் வடக்கே, ஒரு பெரிய ஏரிக்கரைக் கிராமத்தில், சின்ன மருத்துவ நிலையம். ஆண்டில் பாதிக்குமேல் ஏரி உறைந்து கிடக்கும். பிறகு என் மைத்துனரான அவ்வூர்க்காரர் பரம்பரையாகப் பனிவண்டி நாய்கள் வளர்ப்பவர். உறைந்த ஏரியில் துளையிட்டு வலை போடுவார். மீனையும் காட்டிலிருந்து விறகையும் நாய்கள் இழுத்துவரும். பின்னாளில் சுற்றுலா வந்தவர்களையும் இழுத்தன. அவரைத் திருமணம் செய்யப் போவதாகத் தங்கை எழுதியபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "சபைக்குப் போற ஆளாக்கும் இல்லியா?" நான் கேட்டது வேறு. எத்தனை நாய் என்று கேட்டேன். இருபத்தொன்று என்று பதில் வந்தது. அன்றைக்கு எனக்குத் தூக்கம் இல்லை.

முதலில் அவள் நாய்களுக்குக் கஞ்சி மட்டும் வைத்தாள். ஏரிமீனையும் அரிசியையும் ஒன்றாக வேகவைத்த கஞ்சி. பிறகு குட்டிகளைப் பார்த்துக்கொண்டாள். குட்டிக்கு ஆறு மாதம் ஆனதும் வாரைக் கழுத்தில் போட்டு, பின்னால் ஒரு சிறு விறகுக்கட்டையைக் கட்டி இழுக்கப் பழக்க வேண்டும். ஓடும்போது விரலிடுக்கில் பனிக்கட்டி சேர்ந்து தோலைக் கிழிக்காதிருக்க நான்கு காலுக்கும் துணியுறை மாட்ட வேண்டும். ஒரு வண்டிக்கு எட்டு நாய், முப்பத்திரண்டு உறை. கண் தெரிந்த மட்டும் அம்மா இங்கிருந்து தைத்து அனுப்பினார்கள். "மனுசனுக்குச் செருப்பில்ல, நாய்க்குச் சாக்ஸாக்கும்" என்று சொல்லிக்கொண்டே தைப்பார்கள்.

குட்டிகளுக்கெல்லாம் அயினி, புளி, மரச்சீனி, சக்கை என்று நம் ஊர் மரம், கிழங்கு, பழத்தின் பெயர்கள் வைத்தாள். அதுகூடப் பரவாயில்லை. வண்டி ஓட்டும் சொற்களையும் நம்முடையதாக வைத்தாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. மைத்துனர் ஒரு வண்டியும் இவள் ஒரு வண்டியுமாகச் சேர்ந்து போவார்கள். இருவரும் ஒரே சொல்லைச் சொன்னால், அவர் வலப்பக்கம் திரும்பச் சொல்லும்போது இவளுடைய நாய்களும் திரும்பிவிடும். கடிவாளம் கிடையாது. சொல் ஒன்றுதான் கடிவாளம். ஆகவே அவர் வண்டிக்கு ஆங்கிலம், இவள் வண்டிக்கு நம் பேச்சு. வலத்தே, இடத்தே. நிறுத்த நில்லுலே. புறப்பட, போவோம் மக்கா.

இந்தக் கடைசிச் சொல்லால் வீட்டில் சண்டை வந்தது. அம்மா போனில், "எட்டி, பெற்ற பிள்ளய விளிக்கிற வார்த்த அது. நாயயா மக்கான்னு விளிக்கிய?" என்றார்கள்.

"பிள்ளய விளிச்சா திரும்பிப் பாக்க மாட்டா அம்மா. இதுவ விளிச்சதும் எழும்பி நிக்குது" என்றாள் தங்கை. அவளுடைய ஒரே மகள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வீடியோவில் கூப்பிடுவாள். போனை நாய்களின் பக்கம் திருப்பி, "அண்ணன் ஒருக்கா மக்கான்னு விளிங்க, இதுவ கேக்கட்டு" என்பாள். முப்பது ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்தவன் போனைப் பார்த்து நாயை மக்கா என்று விளிப்பதா? நான் விளிக்கவில்லை. திரையில் நாய்களை எண்ணுவேன். ஏரியில் பனி எத்தனை அங்குலம் என்று கேட்பேன். நான்கு அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் ஆள் நிற்கக்கூடாது என்று அவளே சொல்லியிருந்தாள். "அண்ணன் அங்க இருந்து அளந்து என்ன செய்ய? பனி கேக்குமா?" என்று சிரிப்பாள். கேட்காதுதான். ஆனாலும் கேட்பேன்.

மைத்துனருக்கு இடுப்பெலும்பு முறிந்தபின் அவருடைய நாய்களை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். தங்கையின் எட்டு மட்டும் நின்றன. ஏரியில் வலை பார்ப்பதும் அவள் வேலையாயிற்று. முன்னால் ஓடுவது அயினி. மகள் படிப்பு, வேலை என்று தூரத்து நகரத்துக்குப் போய்விட்டாள்.

ஓர் இலையுதிர் காலத்து ஞாயிறு, எட்டு நாயும் எண்ணிக்கையில் சரியாக இருந்தன. தங்கைதான் சரியாக இல்லை. உட்கார்ந்தே பேசினாள். கணையத்தில் நோய் என்று அடுத்த வாரம் சொன்னாள். நர்ஸ் அல்லவா, மிச்சமிருக்கும் காலத்தையும் அவளே சொன்னாள். நான் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன், விசாவுக்கு எழுதினேன். என் இதயத்தைப் பார்க்கும் டாக்டர் அவ்வளவு தூரம் விமானத்தில் போகக்கூடாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார். எந்த ஊரில் எத்தனை மணி நேரம் காத்திருந்து எந்த விமானம் மாற வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தப் பாடத்தால் ஒரு பயனும் இல்லை.

அவ்வூரில் நிலம் உறைவதற்கு முன்பே குழி வெட்டி வைப்பார்கள். பனிக்காலத்தில் யார் போவார்களோ தெரியாது, கணக்காக நாலைந்து வெட்டுவார்கள். "இந்த வருசம் நாலு வெட்டியாச்சு அண்ணா. ஒண்ணு எனக்காக்கும்" என்றாள். பிறகு, "எனக்க பெட்டிய மோட்டார் வண்டியில ஏத்தாண்டாம். எனக்க எட்டும் இருக்குல்லா, அதுவ கொண்டு போவட்டு. நீங்க பாத்துக்கிடணும்" என்றாள். இங்கே அமரவிளையில் உட்கார்ந்திருக்கிறவன் எதைப் பார்த்துக்கொள்வது? சரி என்று சொன்னேன்.

பனி இளகத் தொடங்கும் பருவத்தில் தங்கை கர்த்தரிடம் போனாள்.

அடக்கத்தன்று அங்கே காலை, இங்கே விளக்கு வைத்த நேரம். மைத்துனர் ஆலயப் படியருகே நாற்காலியில் அமர்ந்து போனைப் பிடித்திருந்தார். பெட்டியைப் பனிவண்டியில் கட்டியிருந்தார்கள். பின்னால் மிதிபலகையில் மகள் நின்றாள். முன்னால் எட்டும் ஜோடி ஜோடியாகப் பூட்டப்பட்டிருந்தன. வார் போட்ட உடனே குரைத்துக் குதிக்கிற சாதி அது. அன்று எட்டும் பனியில் படுத்திருந்தன. மகள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. மைத்துனர் ஆங்கிலத்தில் விளித்தார். அவை அவரைப் பார்த்தன, எழவில்லை. ஒருவர் அயினியின் வாரைப் பிடித்து இழுத்தார். அது முன்கால்களை ஊன்றிக்கொண்டது. அங்கே நின்றவர்கள் மோட்டார் வண்டியைக் கொண்டுவரலாமா என்று பேசத் தொடங்கினார்கள்.

மகள் வந்து போனை வாங்கினாள். "மாமா, நீங்க விளிங்க. அம்மா விளிக்கும் போல."

நான் திரையில் எட்டையும் எண்ணினேன். பக்கத்திலிருந்த என் மனைவி முழங்கையால் இடித்து, "விளியுங்க. மானம் பாக்கியதுக்கு இதாக்கும் நேரம்" என்றாள்.

போவோம் மக்கா என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அயினியின் காதுகள் நிமிர்ந்தன. அது எழுந்தது. எட்டும் எழுந்தன. மகள் போனைத் தகப்பனார் கையில் கொடுத்துவிட்டு மிதிபலகைக்கு ஓடினாள். வண்டி நகர்ந்தது. தங்கை கேட்டபடியே நடக்கிறது என்று நான் கண்ணைத் துடைத்தேன்.

கல்லறைத் தோட்டம் ஆலயத்துக்கு இடப்பக்கம், சிறிது தூரத்தில். நேராகப் போனால் ஏரி. வழி பிரியும் இடத்தில் நாய்கள் திரும்பவில்லை. நேராகப் போயின. தங்கை தினமும் வலை பார்க்கப் போகும் வழி அது. மைத்துனர் கத்தினார். போன் சாய்ந்தது, வானம் தெரிந்தது, அழைப்பு அறுந்துவிட்டது. இடத்தே, இடத்தே என்றும் நில்லுலே என்றும் நான் அணைந்த போனைப் பார்த்துக் கூவினேன். ஏரிக்கரையில் பனி மெலிந்துவிட்டது என்று அந்த வாரம்தான் மைத்துனர் சொல்லியிருந்தார். மகளும் பெட்டியும் எட்டு நாயும் அதன்மேல். புறப்படச் சொன்னவன் நான். அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிந்தது திரும்பத் திரும்ப அந்த எண்ணை அழுத்துவது மட்டும். எடுப்பாரில்லை. என் மனைவி ஜெபித்தாள். எனக்கு ஜெபமும் வரவில்லை.

கடைசியில் மகள் கூப்பிட்டாள்.

"திரும்பி வந்தாச்சு மாமா."

"தோட்டத்துக்கா?"

"இல்ல. வீட்டுக்கு." வலை போடும் இடத்தில் நாய்கள் தாமாக நின்றனவாம். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, வழக்கமாகச் சுற்றிவரும் வழியாக வீட்டு முற்றத்துக்கு வந்து, கஞ்சிக்காக நின்றனவாம்.

"பிரேக் இல்லியா மக்கா? நீ மிதிக்கலியா?"

"மிதிச்சேன் மாமா. பிறகு கால எடுத்திட்டேன்."

அவள் எட்டுக்கும் கஞ்சி வைத்தாள். அதன்பின் அக்கம்பக்கத்தார் மோட்டார் வண்டியைக் கொண்டுவந்து தங்கையைத் தோட்டத்துக்கு ஏற்றிப் போனார்கள். அவள் வேண்டாம் என்று சொன்ன வண்டி. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன காரியம்.

கடைசி வாரங்களில் இரவும் பகலும் உடனிருந்த மருத்துவ நிலையச் செவிலியர்களுக்கும், அந்த ஊர்ச் சபையாருக்கும், பெட்டியைத் தோளில் தாங்கிய அயலார்க்கும், இங்கே கொல்லயிலிலும் அமரவிளையிலும் எங்களோடு வந்து அமர்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேலையை விட்டுவிட்டுத் தகப்பனாருக்கும் நாய்களுக்குமாக ஊரோடு தங்கிவிட்ட தங்கை மகளுக்கு நன்றி என்ற சொல் போதாது.

ஞாயிறுகளில் இப்போது அவள்தான் கூப்பிடுகிறாள். போனை முற்றத்துப் பக்கம் திருப்புகிறாள். என் குரல் கேட்டதும் எட்டும் எழுந்து நின்று, காதை நிமிர்த்தி, திரையைப் பார்க்கின்றன. நான் எண்ணுகிறேன். அவை அந்த ஒரு சொல்லுக்காக நிற்கின்றன என்று எனக்குத் தெரியும். கஞ்சி குடிச்சியளா என்று மட்டும் கேட்கிறேன்.