லீவர் மட்டும் இருக்கட்டும்

என் மாமா போர்வெல் லாரியோடு வடக்கே போய்த் திரும்பும்போதெல்லாம் வீட்டுக்குத் தேவையில்லாத எதையாவது வாங்கி வருவார். அக்கா பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் கியர் வைத்த லேடீஸ் சைக்கிள் ஒன்று வந்தது. முன்பக்கம் பெரிதும் சிறிதுமாக இரண்டு பல்சக்கரங்கள். ஹேண்டில்பாரில் இருந்த லீவரைத் தள்ளினால் சங்கிலி ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ வேண்டும் என்பது ஏற்பாடு. பல நேரம் அது இரண்டிலும் உட்காராமல் கழன்று தொங்கும்.

அப்பா லாரி டிரைவர். அவருக்கு அந்த லீவர் மேல் அப்படி ஒரு பெருமை. தன் மகள் கியர் போட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள் என்று நாமக்கல் பட்டறைகளில் அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை. எங்கள் ஊரிலிருந்து சேந்தமங்கலம் போகிற பஸ் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்து வெகுநேரம் கழித்துத்தான் வரும். சைக்கிள் இல்லையென்றால் அக்காவுக்குப் படிப்பு இல்லை. கேரியரில் உட்கார்ந்து போகும் எனக்கும் திண்டாட்டம்தான்.

ஒருநாள் டீக்கடைக்கு எதிரிலேயே சங்கிலி கழன்றது. அக்கா தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு மல்லாடினாள். கடையிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்து மாட்டிக் கொடுத்தான். அவள் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாங்கள் வீடு சேர்வதற்குள், நின்று பேசிச் சிரித்தாள் என்று சேதி வந்துவிட்டது. எங்கள் ஊர்ச் சேதிக்குச் சங்கிலி கழன்றதே கிடையாது.

மறுநாள் பெரியப்பா வந்தார். படித்தது போதும், பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் நல்ல இடம் இருக்கிறது என்றார். அண்ணன் பேச்சுக்கு அப்பா எதிர்ப்பேச்சுப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றும் சைக்கிள் சரியாகிவிட்டால் போகட்டும், இல்லாவிட்டால் நிறுத்திவிடலாம் என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னார். அக்கா அன்று சாப்பிடவில்லை.

தான் வாங்கி வந்த வினை என்று மாமா ஸ்பேனரோடு உட்கார்ந்துவிட்டார்.

"ரண்டு இருக்கறதுனாலதானுங்கக்கா இந்தத் தொல்லை. ஒண்ணைக் கழட்டிப் போட்டா சங்கிலி எங்கயும் போவாது."

அம்மா வாசலை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"லீவரு மட்டும் இருக்கட்டும் சாமி. அவிய ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காங்க."

மாமா உள்ளே இருந்த சின்னச் சக்கரத்தைக் கழற்றினார். சங்கிலியைத் தள்ளிவிடும் தகட்டைப் பெரிய சக்கரத்துக்கு நேராக, அசையாதபடி முடுக்கினார். இனி அது தள்ளாது, காவல்தான் காக்கும். லீவரிலிருந்து வந்த கம்பியை அவிழ்த்து, கண்ணில் படாமல் சுருட்டிக் கட்டினார். கழற்றிய சக்கரம் அம்மாவின் அரிசிப் பானைக்குள் போயிற்று.

மாலையில் பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அப்பா சைக்கிளை எடுத்தார். லீவரை ஒருமுறை தள்ளினார். பிறகு இழுத்தார். அப்புறம் வேலமரம் வரை போய்த் திரும்பி வந்து, சைக்கிளை நிறுத்திவிட்டு மாமாவை ஒரு பார்வை பார்த்தார்.

"கியரு இப்பத்தான் சரியா உழுவுது மாப்பிள்ளை," என்றவர், பெரியப்பா பக்கம் திரும்பினார். "இனிக் கழலாதுங்கண்ணா. புள்ள போவட்டும்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அக்கா சமையலறைக்குள் ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மறுநாள் பெரிய சக்கரம் மிதிக்கக் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. நாங்கள் அதையா பார்த்தோம்? அவ்வளவு பெரிய டிரைவரையே ஏமாற்றிவிட்டோம் என்று சேந்தமங்கலம் வரை சிரித்துக்கொண்டே போனோம். அதன்பின் லோடு இறக்கி வீடு வரும்போதெல்லாம் அப்பா அந்த லீவரை ஒருமுறை தள்ளிப் பார்த்து, கியர் ஜோராக இருக்கிறது என்பார். நானும் அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவோம். பாவம் அப்பா, இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு இரக்கமாகக்கூட இருக்கும்.

நான் கார் ஓட்டப் பழகியது அக்கா டீச்சராகி வெகுகாலம் கழித்து. கியரில் கை வைத்த முதல் வாரத்திலேயே, அது விழுந்ததா வெறுமனே ஆடுகிறதா என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. தொப்பூர்க் கணவாயில் லோடு லாரியை ஏற்றி இறக்கிய கை அப்பாவுடையது.