புல் தின்ற மீன்

மாடு இல்லாதவன் புல் அறுத்தால் அதில் ஏதோ களவு இருக்கிறது என்பது அத்தையின் முடிவு. மலாயாவில் குளுவாங் ஊரை அடுத்த ரப்பர் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடிய ஓடைக்கரைப் புல்லை நம்பித்தான் அவளுடைய பசு இருந்தது. அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. கைக்குழந்தையான என் தம்பி அந்தப் பசுவை நம்பி இருந்தான். கரை நாளுக்கு நாள் மொட்டையானது. பால் குறைந்தது. தம்பி ஓயாமல் அழுதான்.

அக்கரையில் காய்கறி பயிரிட்ட சீனர் கூடை கூடையாகப் புல் கொண்டுபோவதை அத்தை பார்த்துவிட்டாள். எங்கோ மாட்டை ஒளித்து வைத்திருக்கிறார் என்று மாமாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மாடு இல்லை, குளம் இருந்தது. சீனர் ஒரு பிடி புல்லை எறிந்தார். பருத்த மீன்கள் மேலே வந்து இழுத்துத் தின்றன.

"மீனு புல்லு திங்குமா? நாளைக்கு கோழி தேங்கா உரிக்கும்பான்."

"கண்ணு முன்னாலதானே திங்குது," என்றார் மாமா.

"பழக்கி வச்சிருக்கான்."

மாமா குழந்தையின் பால் கதையை அரைகுறை மலாயில் சொன்னதும் சமாதானம் ஆயிற்று. சீனர் இனி வேறிடத்தில் அறுப்பார். கரைப் புல் எங்களுக்கு. ஆனால் ஓடைத் தண்ணீருக்குள் நின்ற புல்லைக் காட்டி அவர் பலமாகக் கையை ஆட்டினார்.

"ஜாங்கான் லா! அனாக் ஈக்கான்!"

"அங்க அறுக்காதங்கறான். மீன் குஞ்சு இருக்காம்," என்றார் மாமா.

"நல்ல புல்லு அங்கதான இருக்கு. அதான் குஞ்சு கதை விடறான்."

மறுநாள் காலை அத்தை முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை அடியோடு அறுத்தாள். நான் கட்டுகளைச் சுமந்தேன். புல் நின்ற இடத்தில் விரால் குஞ்சுகள் செந்நிறக் கொத்தாக வெட்டவெளியில் மிதந்தன. தாய் விரால் கீழே சுற்றிச் சுற்றி வந்தது. மீன்கொத்திகள் வந்து கொத்திப் போவதை வேடிக்கை பார்த்துக் கை தட்டினேன். பசு வயிறு நிறையத் தின்றது. தம்பி தூங்கினான்.

அடுத்த மழைக்கு ஓடையில் விரால் இல்லை. லயத்து ஆட்கள் தூண்டிலோடு போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்தச் சமயம் பார்த்துச் சீனர், குழந்தைக்கு உடம்பு எப்படி என்று விசாரித்து, குளத்து மீன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை அதைச் சாட்சியமாகத்தான் வாங்கிக்கொண்டாள்.

"பாத்தியா? ஓடை மீனையெல்லாம் வழிச்சுக் குளத்துல போட்டுட்டான்."

சாட்சியத்துக்குப் புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். நான் இரண்டு துண்டு தின்றேன். அதன் பிறகு பல நாள், புதருக்குள் பதுங்கி அவருடைய குளத்தில் எங்கள் விரால்களைத் தேடினேன். அத்தையின் அரிவாளைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை.