கடைசி ஐந்து நிமிடத்திற்கு நான் சொன்ன சாட்சி

எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கிய காலம் அது. கிழக்கு இலண்டனில், பிளேஸ்டோவில், நண்பர் ஒருவருடைய வீட்டு முன்னறையில் ஞாயிறு பிற்பகல் தோறும் நாங்கள் ஐந்தாறு பேர் கூடுவோம். கூடைப்பந்தாட்டம் பார்ப்பதும், பார்த்ததைப் பற்றி வாதாடுவதுமே எங்கள் வேலை. அந்த அறையில் நான் வளர்த்துக்கொண்ட ஒரு பெருமை, என்னை நம்பிய ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இதுவரை நான் எவரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை.

வீட்டுக்காரர் பெற்றோல் நிலையமொன்றில் காசாளராக இருந்தார். அமெரிக்காவிலிருந்த அவருடைய மைத்துனர், அங்குள்ள கல்லூரி அணிகள் ஆடும் ஆட்டங்களைப் பதிவுசெய்து வீடியோ கசெட்டுகளாக அனுப்புவார். அந்தக் கசெட்டுகள் இந்த நாட்டு இயந்திரங்களில் ஓடா. அதற்கென்றே அவர் வேறொரு வீடியோ டெக் வாங்கி வைத்திருந்தார். மனைவிக்குத் தையல் இயந்திரம் வாங்கிக் கொடுக்கப் பின்னடித்தவர் இதற்குப் பின்னடிக்கவில்லை என்று நாங்கள் அவரைக் கேலி செய்வதுண்டு.

கூடியவர்கள் அனைவரும் யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர்கள். நான் ஒருவன் மட்டும் அல்லன். என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. கல்லூரி மைதானத்துக்கு எதிரே இருந்த கூட்டுறவுச் சங்கக்கடையில் எனக்கு வேலை. பின்னேரங்களில் மதிலோரம் நின்று பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றேன். இலண்டனுக்கு வந்த பின்னர், நூலகத்திலிருந்து பயிற்றுநர்களுக்கான நூல்களை எடுத்துவந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக வாசித்தேன். நாளடைவில் அந்த அறையில் என் சொல்லுக்கு மதிப்பு உண்டாயிற்று. படித்தவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்டார்கள். அந்த மதிப்பு எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அப்போது நான் அறியவில்லை.

தடுப்பாட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. எதிரணியில் ஒவ்வொருவரையும் நம்மவர் ஒருவர் விடாமல் தொடர்வது ஒன்று. அதை ‘ஆளுக்கு ஆள்’ என்போம். ஆளைத் தொடராமல் அவரவர்க்குரிய இடத்தைக் காப்பது மற்றொன்று. அதை ‘சோன்’ என்போம். எந்தக் கசெட்டைப் போட்டாலும் எங்கள் பேச்சு இறுதியில் ஒரே ஆட்டத்தில் வந்து நிற்கும். ஊரில் நிலைமை மிக மோசமாகியிருந்த ஆண்டில், எங்கள் கல்லூரி அணி இரண்டே புள்ளிகளால் தோற்ற இறுதியாட்டம் அது. கடைசி ஐந்து நிமிடத்தில் எதிரணி தூரத்திலிருந்தே எறிந்து எறிந்து புள்ளிகளைச் சேர்த்தபோதும், எங்கள் பயிற்றுநர் சோனை மாற்றவில்லை. மாற்றியிருக்க வேண்டுமா, இல்லையா என்பதே வழக்கு.

“அந்த நேரம் ஆளுக்கு ஆள் பிடிச்சிருந்தால் கப் எங்கட அலுமாரியில நிண்டிருக்கும் ஐசே!” என்பார் வீட்டுக்காரர்.

“உமக்கென்ன, நீர் அப்பவே இஞ்ச வந்து பெற்றோல் அடிச்சுக்கொண்டு நிண்டனீர். பாத்தவன் நான் சொல்லுறன், கேளும்” என்பேன் நான்.

“சரி, சொல்லும் பாப்பம். அந்த அரை மணித்தியாலக் கதையைத் திரும்பவும் எடுத்து விடும்.”

நான் சொல்லத் தொடங்குவேன். சோனின் முன்வரிசையில் நின்றவன் எத்தகைய ஆட்டக்காரன், அவனுடைய கைகள் எப்படி விரிந்தன, எதிரணி அனுப்பிய பந்துகளை அவன் எப்படித் தட்டிப் பறித்தான் என்றெல்லாம் விவரிப்பேன். “அப்பிடி ஒருத்தன் முன்னுக்கு நிக்கேக்க கோச் ஏன் சோனை மாத்த வேணும்?” என்று முடிப்பேன். அந்த ஆட்டம் நடந்த நாளில் மற்றவர்கள் யாவரும் ஊரை விட்டுப் போயிருந்தபடியால் என்னை மறுக்க எவருமில்லை.

உண்மையில் அந்த ஆட்டத்தை நானும் பார்க்கவில்லை.

அன்று கடையைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டவன், சந்தியில் இராணுவம் நிற்கிறது என்று கேள்விப்பட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் சலூனில், ஆட்டத்தைப் பார்த்த இருவர் பேசக் கேட்டேன். முற்பாதியைப் பற்றி உற்சாகமாகப் பேசியவர்கள், பிற்பாதி என்றதும் குரலைத் தாழ்த்தி, “அவங்கள் தூரத்தில நிண்டு எறிஞ்சும் கோச் சோனை மாத்தேல்லை, ரெண்டு புள்ளியில போச்சு” என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் விட்ட இடத்தை நானாக நிரப்பினேன். முதலில் கேட்டதாகச் சொன்னேன். பிறகு பார்த்ததாகச் சொன்னேன். நான்கு ஆண்டுகள் சொல்லி வந்ததில் எனக்கே அது கண்ணால் கண்ட காட்சியாகிவிட்டது.

அப்படியிருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த முன்வரிசை ஆட்டக்காரனே எங்கள் நடுவில் வந்து அமர்ந்தான். பல மாதம் தடுப்புக்காவலில் இருந்து, எப்படியோ வெளியேறி, இலண்டனுக்கு வந்து, மோர்டனில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தான். நெடிய உருவம். வலது தோளைச் சற்றுத் தாழ்த்தியே நடந்தான். வீட்டுக்காரர் என்னைச் சுட்டிக்காட்டி, “தம்பி, உம்மட ஆட்டத்தைப் பற்றி உமக்கே தெரியாத சங்கதியெல்லாம் இவருக்குத் தெரியும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பொய் அகப்பட்டுவிடும் என்று அஞ்சினேன். ஆயினும் கதையைச் சொன்னேன். அவன் குனிந்த தலையோடு கடைசிவரை கேட்டான். ஒரு சொல்லும் மறுக்கவில்லை. நான் கற்பனையில் நிரப்பியது தற்செயலாக உண்மையோடு பொருந்திவிட்டது என்றே எண்ணிக்கொண்டேன். இவ்வளவு எளிதாகத் தன்னை ஏமாற்றிக்கொள்ள மனிதனால் முடிகிறது.

அடுத்த ஆண்டு அவனுடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டிலும் தோற்றால் திருப்பி அனுப்பப்படுவான். அவன் சொல்வது நம்பத்தக்கதா என்பதிலேயே எல்லாம் தங்கியிருந்தது. ஒருநாள் அவன் என் அறைக்கு வந்து, கதிரையின் விளிம்பில் அமர்ந்து கேட்டான்.

“அண்ணை, என்னைப் பிடிச்ச அண்டைக்கு நான் அந்த ஆட்டத்தில விளையாடினனான் எண்டு ஒருத்தர் வந்து சொல்ல வேணுமாம். லோயர் கேக்கிறார். உங்களுக்கு ஏலுமோ?”

“இதென்ன கேள்வி தம்பி? நான் வாறன்.”

இவ்வாறு கூறும்போது அச்சத்தைக் காட்டிலும் பெருமையே என்னிடம் மிகுந்திருந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். சட்டத்தரணியின் அலுவலகத்தில், ‘இவரை அறிவேன், அன்று இவர் ஆடியதைக் கண்டேன், கைதானதைக் காணவில்லை’ என்று சுருக்கமாக எழுதிக் கையொப்பமிட்டேன். ஆட்டம் முடிந்து போகும்போது வீதியில் எங்கோ வைத்துத்தான் அவன் பிடிபட்டிருப்பான் என்பது என் எண்ணம். அவனிடம் கேட்கவுமில்லை. அத்தகைய விடயங்களை எங்கள் ஆட்கள் ஒருவரிடமொருவர் கேட்பதில்லை.

விசாரணை மத்திய இலண்டனில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நடந்தது. அவன் சாட்சியம் அளித்து முடியும்வரை என்னை வெளியே இருத்தினார்கள். பிறகு உள்ளே அழைத்தார்கள். மொழிபெயர்ப்பாளராகத் தமிழ்நாட்டைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் இருந்தார். அரசாங்கத் தரப்பில் வாதாடியவர் இளைஞர். மிகுந்த பண்போடு பேசினார். தாமும் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடியவர் என்றும், தோற்ற அணி எத்தகைய தடுப்பாட்டம் ஆடியது என்று அறிய ஆவலாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அந்த ஒரு கேள்வியில் என் அறிவு மயங்கிவிட்டது. நீதிமன்றம் போன்ற ஓரிடத்தில், படித்த வெள்ளைக்காரர் ஒருவர், எட்டாம் வகுப்புக்காரனாகிய என்னிடம் சோனைப் பற்றிக் கேட்கிறார்! மேசையிலிருந்த தண்ணீர்க் குவளைகளை நகர்த்தி, ஆட்டக்காரர்கள் நின்ற இடங்களைக் காட்டினேன். கடைசி ஐந்து நிமிடத்தில் சோனை மாற்றாமல் விட்டது பிழையல்லவா என்று அவர் கேட்டார். ஞாயிறு தோறும் சொன்ன விடையையே சொன்னேன்: இவன் முன்வரிசையில் நிற்கும்போது மாற்றவேண்டிய தேவையில்லை.

அவர் எழுதுவதை நிறுத்தினார். மிகவும் மெதுவாக எதையோ கேட்டார். அம்மையார் என் பக்கம் திரும்பினார்.

“ஐயா, கடைசி விசில் வரைக்கும் அவர் ஆடுகளத்துல இருந்ததை நீங்க நேர்ல பாத்தீங்களான்னு கேக்கிறாரு.”

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னை நோக்கித் தலையை மிக இலேசாக, இல்லை என்பதுபோல் அசைத்தான். சட்டத்தரணி கண்களை மூடிக்கொண்டிருந்தார். ஏதோ பெரும் பிழை நடந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. ‘நான் பார்க்கவில்லை’ என்று சொல்ல அந்தக் கணத்தில் இடமிருந்தது. சொன்னால் நான் கையொப்பமிட்டது பொய்யாகும்; என் சொந்த அகதி விண்ணப்பமும் அப்போது முடிவாகாமல் இருந்தது. அதையும்விட, பிளேஸ்டோவின் முன்னறை முழுவதும் எழுந்து நின்று என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

“ஓம்,” என்றேன். “நான் கண்ணால கண்டனான்.”

அவர் இன்னொரு முறையும் கேட்டார். இன்னொரு முறையும் ஓம் என்றேன்.

வெளியே வந்த பின்னரே சட்டத்தரணி எனக்கு விளக்கினார். பிற்பாதி தொடங்கிச் சில நிமிடங்களில், மைதான ஓரத்திலிருந்து சாதாரண உடையணிந்த ஒருவர் அவனைக் கைகாட்டி அழைத்திருக்கிறார். போன இடத்தில், கட்டடத்தின் பின்புறம் இராணுவ வாகனம் நின்றது. அங்கிருந்தே அவனைக் கொண்டுபோயினர். அவனுடைய வழக்கின் உயிர்நாடியே அதுதான். அவன் தரப்புச் சாட்சியாகிய நானோ, அவனைக் கடைசி விசில்வரை மைதானத்தில் நிறுத்திவிட்டேன். சலூனில் அந்த இருவரும் பிற்பாதியைப் பற்றிப் பேசாமல் குரலைத் தாழ்த்தியதன் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சில வாரங்களில் தீர்ப்பு வந்தது. அவன் அழைத்துவந்த சாட்சியே அவன் கூற்றை மறுத்துவிட்டபடியால், அவனை நம்ப இயலாது என்று எழுதியிருந்தார்கள். அதன் பிறகு சட்டத்தரணியிடம் சென்று, நான் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். தோற்ற பிறகு வரும் அத்தகைய கடிதத்துக்கு இனி என்ன மதிப்பு என்று அவர் கேட்டார். அனுப்பத்தான் அனுப்பினார். ஒரு பயனும் விளையவில்லை.

விமான நிலையத்துக்கு அருகில் இருந்த தடுப்பு நிலையத்தில் அவனை வைத்திருந்தார்கள். ஒருநாள் முற்பகல் அங்கே சென்றேன். பார்வையாளர் அறையில் ஒரு பிளாஸ்டிக் மேசைக்கு அப்பால் அவன் அமர்ந்திருந்தான். 

“தம்பி, நான் அண்டைக்கு அங்க வரவேயில்லை. ஆட்டத்தை நான் பாக்கேல்லை.”

“தெரியும் அண்ணை,” என்றான். “முதல் நாள் நீங்கள் சொல்லேக்கயே தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டு பிறகேன் என்னைக் கூப்பிட்டனீ?”

“வேற ஆரைக் கூப்பிடுறது? அண்டைக்கு அங்க நிண்டவை ஒருத்தரும் இஞ்ச இல்லை. விளையாடினனானோ எண்டு மட்டும்தான் கேப்பாங்கள் எண்டு நினைச்சன். இப்பிடிச் சோனைப் பற்றிக் கேப்பாங்கள் எண்டு ஆர் கண்டது?”

அவன் சிரிக்க முயன்றான். நான் தலைகுனிந்தேன்.

“அப்ப நான் ஞாயிற்றுக்கிழமையில கதை அளக்கேக்க ஒருக்காலாவது மறுத்திருக்கலாமே தம்பி?”

 காவலர் நேரம் முடிந்துவிட்டதாகச் சைகை காட்டினார். அவன் எழுந்துகொண்டே சொன்னான்: “நீங்கள் சொல்லுற கதையில நான் கடைசி மட்டும் விளையாடினன் அண்ணை. கேக்க நல்லாயிருந்தது.”

அவனை அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருப்பதாக மோர்டனிலிருந்த உறவினருக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டாவது கடிதம் வரவில்லை. உறவினர் விசாரிக்காத இடமில்லை. லொட்ஜில் கேட்டதற்கு, அப்படி ஒருவர் இருந்தார், ஒருநாள் காலை வெளியே போனார், திரும்பவில்லை என்றார்களாம். அதற்குமேல் இன்றுவரை எவருக்கும் எதுவும் தெரியாது.

பிளேஸ்டோ நண்பர்களிடம் உண்மையைச் சொன்னேன். எவரும் என்னைத் திட்டவில்லை. வீட்டுக்காரர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, “இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அதன்பின் நான் அங்கே போகவில்லை. பயிற்றுநர் ஏன் சோனை மாற்றவில்லை என்ற கேள்விக்கும் எனக்கு விடை கிடைத்துவிட்டது. தன் ஆட்டக்காரனை ஒருவர் அழைத்துப்போனதையும் அவன் திரும்பி வராததையும் கண்ட மனிதர், அதற்குப் பிறகு ஆட்டத்தையா பார்த்துக்கொண்டிருந்திருப்பார்? அந்த மனிதரின் திறமையைத்தான் நாங்கள் ஆண்டுக்கணக்காகத் தேநீர் அருந்தியபடி எடைபோட்டுக்கொண்டிருந்தோம்.

எனக்கு இந்த நாட்டில் வதிவிட அனுமதி கிடைத்தது. பிள்ளைகள் படித்து நல்ல நிலையில் இருக்கிறார்கள். எனக்கு இப்போது வயதாகிவிட்டது. எவரேனும் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, ‘இதை நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான்’ என்று சேர்த்துச் சொல்லக் கேட்டால், எழுந்து நின்று அவர் கையைப் பற்றிக்கொள்ளத் தோன்றுகிறது. ஏனெனில் அந்தச் சிறிய உண்மையை உரிய இடத்தில் சொல்லாத ஒருவனாகவே, நாள்தோறும் இந்த நாட்டில் பத்திரமாகக் கண்விழிக்கிறேன்.