கொஞ்சம் லூஸாக

முதல் நாள்

மட்டாஞ்சேரியில் தையல் கடைக்கு நான் வேலைக்குப் போன அன்று, முதல் ஆளாக வந்த ஒரு சேச்சி பிளவுஸ் துணியைக் கொடுத்து, கொஞ்சம் லூஸாக வேண்டும் என்றாள். நான் சுற்றளவில் இரண்டு இஞ்சு கூட்டி வெட்டப் போனேன். கடைக்காரி மேரிச் சேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"லூஸ்னா எங்கேன்னு கேளு. கையா, கழுத்தா, வயித்துலயா? கேக்காம வெட்டினா துணி போச்சு."

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இங்கிலீஷில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். ஆனால் லூஸ் என்ற சொல்லை எனக்குத் தெரிந்த அளவு தெரிந்தவர்கள் இந்தத் தெருவில் கிடையாது.

கலூருக்கு பஸ்ஸில் போகிறவள் லூஸ் என்றால், கம்பியைப் பிடிக்கக் கை தூக்கும்போது அக்குளில் இழுக்கக் கூடாது. கைப்பிள்ளைக்காரி சொன்னால், முன்பக்க ஹூக் ஒரு கையால் கழல வேண்டும். கல்யாணப் பெண்ணின் அம்மா, பெண் அந்தப் பக்கம் போனதும் என் காதோரம் லூஸ் என்பாள். திரும்பி வந்து பெண் டைட் என்பாள். இரண்டு பேரிடமும் நல்ல பேர் வாங்கியிருக்கிறேன்.

வெட்டச் சொன்னவள்

கொச்சங்காடியில் அரிசிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் வீட்டு மருமகள் ரஹ்மத், வெகு காலமாக என்னிடம் தைக்கிறவள். நடுவில் ரொம்ப நாள் வரவில்லை. பெரிய நோவு, ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஒரு காலை, நாத்தனார் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தாள். தோளில் துணி நிற்கவில்லை. வீட்டிலிருந்த பிளவுஸ் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"எல்லாம் லூஸாப் போச்சுக்கா. பிடிச்சுத் தாங்க. உள்ள கிடக்கிற துணிய வெட்டி எறிஞ்சிடுங்க, உறுத்துது."

உள்ளே துணி விட்டுத் தைப்பது என் கை வழக்கம். இரண்டு பக்கமும் தாராளமாக மடித்து உள்ளே விடுவேன். உடம்பு பெருத்தால் தையலைப் பிரித்து அதை வெளியே விடலாம். வெட்டிவிட்டால் அந்தப் பிளவுஸ் மறுபடி பெரிதாகாது. ரஹ்மத்துக்கும் இது தெரியும். எத்தனையோ முறை பிரித்து வாங்கிப் போனவள்தான். இனி இந்த உடம்பு தேறாது என்று அவளே முடிவு செய்துவிட்டாள் என்று எனக்குப் பட்டது.

வெட்ட மாட்டேன் என்றேன்.

"என் துணியில்லையா அக்கா?"

"துணி உன்னோடது. தையல் என்னோடது. உறுத்தாமப் பாத்துக்கிறது என் பாடு."

நாத்தனார் சிரித்துவிட்டாள். ரஹ்மத் சிரிக்கவில்லை. யாருக்கு வேண்டி வைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். நான் பையை வாங்கி மிஷின் பக்கத்தில் வைத்தேன். நோவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

உள் துணியை மெல்லிய மல் துணித் துண்டு வைத்து மூடி, கையாலேயே எம்மிங் செய்தேன். பக்கத் தையலைப் பெரிய தையலாக ஓட்டினேன். பெரிய தையல்தான் பிரிக்கச் சுலபம்.

பிரித்துவிட்ட நாள்

இந்த நோன்புப் பெருநாளுக்கு முன், கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். ரஹ்மத் தனியாகப் படியேறி வந்தாள். மிஷின் மேல் பையை வைத்துவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி சொன்னாள்.

"கை ஏறலக்கா. கொஞ்சம் லூஸ் பண்ணித் தாங்க."

"எங்கே லூஸ் பண்ண?"

"எல்லா இடத்துலயும்."

டேப் பிடித்துப் பார்த்தேன். நோவு வருவதற்கு முன்பிருந்த அளவைவிட ஒரு சுற்றுக் கூடுதலாகவே இருந்தது. காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பெருநாள் துணிகளைத் தள்ளி வைத்துவிட்டு அவளுடைய பச்சைப் பிளவுஸை எடுத்துப் பிரித்தேன். வெளித்துணி துவைத்து வெளுத்திருந்தது. உள்ளே கிடந்தது கடையில் வாங்கிய அன்றைய பச்சை. பிரித்துத் தைத்ததும் இரண்டு பக்கமும் கரும்பச்சையாக ஒரு பட்டை தெரிந்தது. லேஸ் வைத்து மறைத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், தெரியட்டும்" என்று சொல்லி, அதையே போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள்.

தையல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். லூஸ் என்று யார் கேட்டாலும் எங்கே என்று கேளுங்கள். உள் துணியை வெட்டு என்றால் மட்டும், கத்திரியைக் கீழே வையுங்கள்.