அப்பாவின் கட்டைவிரல்

மகள், தான் வாங்கிவந்த உலோகக் கப்பல் பொம்மையின் பாகங்களைத் தகட்டிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். ‘டிக்’ என்ற அந்தச் சத்தம் கேட்டதும் அவள் விரல்களைப் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் சூலூரில் இருந்தோம். அப்பா கடற்படையில் மெக்கானிக்காக இருந்தவர். அவர் வேலை பார்த்த பழைய விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஓய்வு கொடுத்தபோது, நண்பர் ஒருவர், தகட்டிலிருந்து வெட்டி மடித்துச் செய்யும் அதன் தகர மாதிரியைப் பார்சலில் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துத் தறிகள் ஓடாததால் தெருவே அடங்கிக் கிடந்தது. அப்பா கப்பலின் மேல்தளத்தை மடித்துக்கொண்டே கடல் கதை சொன்னார். சாம்பல் நிறத் தகரத்தில் சிவப்பாக ஏதோ வழிந்தது. பெயிண்ட் என்று நினைத்தேன்.

“அப்பா, கை!”

கட்டைவிரல் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தது. “எப்ப வெட்டுச்சு கண்ணு?” என்று என்னையே கேட்டார்.

அம்மா ஓடிவந்து துணியால் அழுத்தினாள். “ஏனுங்க, வலிக்கலீங்களா?”

“கொஞ்ச நாளாவே வெரல்ல ஒண்ணும் தெரியறதில்ல.”

முந்தின வாரம் கொதிக்கும் பால் பாத்திரத்தை அவர் வெறுங்கையால் இறக்கியபோது நாங்கள் கைதட்டிச் சிரித்திருந்தோம்.

மறுநாள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், பல வருஷமாகக் கவனிக்காத சர்க்கரை நோய் நரம்புகளைக் கெடுத்துவிட்டது என்றார்கள். பிற்பாடு ஒரு காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

அன்று திரும்பும் பஸ்ஸில், கட்டுப்போட்ட விரலை ஜன்னல் கம்பியில் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார் அப்பா. நான் கவனிப்பதைக் கண்டதும் சிரித்தார்.

“இப்ப லேசா வலிக்குது கண்ணு.”

அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.