கொல்லைப்புறம் பார்த்துக் கடை சொன்னவர்

லாரி ஓட்டுகிறவர்களுக்கு நாக்கு நீளம். மலாயாவில் ரெம்பாவ் பக்கத்து எங்கள் தோட்டத்து டிரைவர் தங்கராஜுவுக்கு அது இன்னும் கூடுதல். பகாவில் எந்தக் கடையில் மீன் குழம்பு, சிரம்பானில் எந்தக் கடையில் ஆட்டுக்கறி என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் ஜனங்கள் பஸ் ஏறுவார்கள். கடையின் முன்னால் நின்று அவர் ஒருநாளும் முடிவு செய்ததில்லை. நேராகக் கொல்லைப்புறம் போய் எச்சில் இலைக் குவியலைப் பார்ப்பார். இலையில் சோறு மிச்சம் கிடந்தால் அந்தக் கடை வேண்டாம். வழித்துச் சாப்பிட்டிருந்தால் தாராளமாக உள்ளே போகலாம். இந்தக் கணக்கு தப்பியதே இல்லை என்று அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் ஜப்பான் துரை வந்த பிறகு இந்தக் கணக்கெல்லாம் யாருக்கு வேண்டும்? நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தோம். அரிசியைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காகிவிட்டது. அந்த நேரத்தில்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். தங்கராஜுவின் மனைவி பஞ்சாலைக்கு ஒரே தம்பி மணியம். அவனையும் பிடித்துத் தோட்டத்து ஸ்டோரில் அடைத்துவிட்டார்கள். சயாமுக்குப் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. பஞ்சாலைக்கு அழுது அழுது தொண்டை கட்டிப்போனது.

தங்கராஜு போய்த் துரை காலில் விழுந்தார். துரைக்கும் அன்றைக்கு ஒரு கவலை இருந்தது. அவருடைய மேலதிகாரிகள் மறுநாள் சிரம்பானுக்கு வருகிறார்கள், நல்ல சுஷி கடைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆனால் அவரே ஊருக்குப் புதுசு. காலில் கிடக்கிற ஆள் கடை பார்ப்பதில் கெட்டிக்காரன் என்று ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி கந்தையா இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். துரை யோசித்துவிட்டு ஒரு வாக்குக் கொடுத்தார். நல்ல கடையைக் காட்டினால் மணியம் தோட்டத்திலேயே இருக்கலாம்.

“சுஷின்னா என்னாங்க கிராணி ஐயா?”

கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். தெரியாது என்ற வார்த்தை அவர் வாயில் லேசில் வராது. அன்றைக்கு அவரே தலையைச் சொறிந்தார்.

“ஆறின சோறாம், புளிப்பாம். அதுக்கு மேலை பச்சை மீனாம். எனக்கே விளங்கேல்லை, நீ போய்ப் பார்.”

“ஆறிப்போன சோத்துல நல்ல சோறு எது, கெட்ட சோறு எதுங்க?”

“அதை என்னட்டைக் கேட்டால்?”

சிரம்பானில் அப்படி இரண்டு கடைகள் இருந்தன. ஒன்று ஸ்டேசன் பக்கம், முன்பு துணிக்கடையாக இருந்த இடம். இன்னொன்று தெமியாங்கில், பழைய போட்டோக் கடை. இரண்டு வாசலிலும் ஒரே மாதிரித் துணித்திரை, ஒரே மாதிரி பூட்ஸ் வரிசை. தாளிக்கிற வாசம் இல்லை, அடுப்புச் சத்தம் இல்லை. சமைக்காமல் ஒரு சாப்பாட்டுக்கடை எப்படி நடக்கும்? தங்கராஜுவுக்குத் தலை சுற்றியது. சாப்பிட்டு வெளியே வந்தவர்களின் முகத்தைப் பார்த்தார். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். கொல்லைப்புறம் போனார்.

ஸ்டேசன் கடையின் பின்னால் ஒரு பருக்கை இல்லை. தெமியாங் கடையின் பின்னால் ஒரு மண்ணெண்ணெய் டின் நிறைய வெள்ளைச் சோறு, வாத்துகளுக்குக் கொட்டி வைத்தது. ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். புளித்தது, கூடவே லேசாக இனித்தது. சோறு எங்கேயாவது இனிக்குமா? கெட்டுப்போனதால்தான் கொட்டியிருக்கிறான் என்று முடிவு கட்டினார். ஆனாலும் விட்டுவர மனமில்லை. துண்டில் அள்ளி முடிந்துகொண்டார்.

சாயங்காலம் பஞ்சாலையையும் கூட்டிப்போய் அதை ஸ்டோர் ஜன்னல் வழியாக மணியத்திடம் நீட்டினார். அவன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே தின்றான்.

“இம்மாம் நல்ல சோறு எந்தக் கடைல மச்சான்?”

“வாத்துக்குப் போட்டதுடா. பேசாம தின்னு.”

“குடுத்து வச்ச வாத்துலா!”

பஞ்சாலை பல நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

மறுநாள் தங்கராஜு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு துரையையும் கந்தையாவையும் லாரியில் ஏற்றிப்போனார். மேலதிகாரிகளின் கார் பின்னால் வந்தது. ஸ்டேசன் கடையைக் காட்டினார். போன வேகத்தில் எல்லாரும் வெளியே வந்தார்கள். கார் புறப்பட்டுப் போனது. துரை வந்து தங்கராஜுவைக் கன்னத்தில் அறைந்தார், மறுபடியும் அறைந்தார். கத்திவிட்டு அவர் நகர்ந்ததும் கந்தையா விளக்கினார்.

“நேத்தைய சோத்தை இண்டைக்குக் குடுத்திட்டாங்களாம். நல்ல கடையிலை மிஞ்சின சோத்தை அண்டண்டைக்கே கொட்டிப்போடுவினமாம். புளிப்பும் இனிப்பும் அவையள் வேணுமெண்டு சேர்க்கிறதாம்.”

“ஊரே கெழங்கு திங்குது. சோத்தக் கொட்றவன் நல்ல கடைக்காரனாங்க? நீங்க படிச்சவங்க, சொல்லுங்கய்யா.”

கந்தையா போய் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மணியத்தையும் பிடித்து வைத்த மற்ற ஆட்களையும் ரயிலுக்கு ஏற்றிப்போனதும் அதே லாரிதான், அதே டிரைவர்தான். பஞ்சாலை லாரிக்குப் பின்னாலேயே ஓடி வந்து ரோட்டில் விழுந்தாள். சிரம்பானுக்குள் நுழைந்ததும் தங்கராஜு ஸ்டேசன் ரோட்டில் போகாமல் தெமியாங் பக்கம் திருப்பினார். துணித்திரை தொங்கிய வாசலுக்கு எதிரே நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார்.

“மணியம், நீ கேட்டியே, இந்தக் கடைதான்டா.”

பக்கத்தில் இருந்த சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவர் தோளில் இடித்தான். பின்னாலிருந்து மணியத்தின் குரல் வந்தது.

“வந்து சாப்புடுவோம் மச்சான்.”

அவன் வரவில்லை. அதற்குப் பிறகு தங்கராஜு வெகுகாலம் இருந்தார், லாரியும் ஓட்டினார். டவுனுக்குப் போகிறவர்கள் எந்தக் கடை நல்ல கடை என்று கேட்டால், “எனக்கு ஒன்னும் வெளங்கலப்பா” என்று மட்டும் சொல்வார்.